காலையில் ரெண்டு, மத்தியானம் ஒண்ணு

வைட்டமின்களைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். நான் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் ஒரு மூலையில் இரண்டு வரியாகக் கிடந்தது. இன்றைக்குப் பிஸ்கட் பாக்கெட்டில்கூட அது அச்சாகி வருகிறது. அதைப் பற்றி வகுப்பெடுக்க நான் வரவில்லை. மதுரையில் ஒரே மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் உணவியல் நிபுணராக வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றவள் நான். இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என் பெருமைகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் என் பிரிவு உபசார விழாவில் பேசியவர்களைக் கேளுங்கள். எனக்கே தெரியாததையெல்லாம் அவர்கள் சொன்னார்கள். நான் ஒரு தவறைத்தான் சொல்லப் போகிறேன். அது இன்னும் என்னை விடவில்லை.

அதற்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் செய்த சின்னத் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். திருமங்கலத்திலிருந்து சர்க்கரை நோயோடு ஓர் அம்மா வந்திருந்தார். "தினமும் ரெண்டு பழம் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். என் மனதில் இருந்தது கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி. ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "நீ சொன்னபடிதான்மா தின்னேன். சோறு தின்னு முடிச்சதும் ரெண்டு பழம்" என்றார். நம் பக்கம் வெறுமனே பழம் என்றால் வாழைப்பழம். கடையில் போய் "ரெண்டு பழம் குடுங்கண்ணே" என்று கேட்டால் யாராவது ஆரஞ்சை எடுத்து நீட்டுவார்களா? நானும் இந்த ஊர்க்காரிதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அது மறந்துவிட்டது.

அப்போது எங்கள் தலைமை மருத்துவராக இருந்த அம்மையார் என்னைக் கூப்பிட்டார். தன் பெயர் எங்கேயும் வருவதை விரும்பாதவர், ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். திட்டப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை. நோயாளியின் குறிப்புத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"அவங்க வாயில இருந்து வந்த வார்த்தைய அப்படியே எழுது. நீ என்ன புரிஞ்சுக்கிட்டங்கறத அதுக்குக் கீழ எழுது. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத" என்றார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே எழுதினேன். என் கையெழுத்தில் "வயிறு பொதுபொதுன்னு இருக்கு", "நாக்குக்கு ஒண்ணும் வெளங்கல" என்றெல்லாம் இருக்கும். மற்றவர்கள் படித்துச் சிரிப்பார்கள். பிறகு அச்சடித்த படிவம் வந்தது. அதன்பின் அதே படிவம் கம்ப்யூட்டர் பிரிண்டாக வந்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். கட்டத்துக்குள் எண்ணும் பண்டமும் எழுதினால் போதும். வார்த்தைக்கு இடம் இல்லை. நான் படிவத்தின் மேல் பழியைப் போடவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்திருந்தால் ஓரத்தில் எழுதியிருக்கலாம். எனக்கு அனுபவம் வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

இனி பெருமாள் ஐயாவிடம் வருகிறேன். அது அவருடைய உண்மையான பெயர் இல்லை.

செல்லூர்க்காரர். விசைத்தறிக் கூடம் ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். எழுபத்துநான்கு வயது. வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல இருக்கும். மனைவி இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "அங்க வந்து என்னய்யா செய்ய? பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு கெடையாது" என்று சொல்லி, இவர் செல்லூர் வீட்டிலேயே தனியாக இருந்தார்.

கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்த சமயம். ஒவ்வொரு வீட்டிலும் எதிர்ப்புச் சக்தி என்ற சொல் புழங்கியது. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள், மருந்துக்கடைக் கண்ணாடியில் அதை எழுதி ஒட்டினார்கள். அந்த வருடம் பெருமாள் ஐயாவுக்கு ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. முதலில் விலாவில் அக்கி. தெருவில் யாரோ சொன்னபடி காவி பூசி அக்கி எழுதிக்கொண்டு, அது சரிப்படாமல் எங்களிடம் வந்தார். அடுத்து நெஞ்சுச் சளி. அது ஆறுவதற்குள் மறுபடியும் காய்ச்சல். எங்கள் மருத்துவர் அவரை என்னிடம் அனுப்பினார்.

"வயசாக ஆக எதிர்ப்பு சக்தி குறையத்தான் செய்யும். ஆனா இவருக்கு ரொம்பவே குறையுது. சாப்பாட்டுல என்ன செய்யலாம்னு பாருங்க" என்றார்.

என் மேசைக்கு எதிரே ஐயா உட்கார்ந்தார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"ஐயா, மூணு வேளையும் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் தாயி. ஒரு வேளை தப்ப விடுறதில்ல."

"காலையில?"

"ரெண்டு."

"மத்தியானம்?"

"ஒண்ணு."

"ராத்திரி?"

"ராத்திரிக்கும் ரெண்டு. மகன் போன் போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பான், அவன்கிட்ட இருந்து தப்ப முடியாது."

நான் கட்டங்களை நிரப்பினேன். காலை: இட்லி 2. மதியம்: அளவுச் சாப்பாடு 1. இரவு: இட்லி அல்லது தோசை 2. அளவு குறைவுதான், ஆனால் தனியாக இருக்கும் வயதானவருக்கு மோசமில்லை என்று நினைத்தேன். கீழே "உணவு: நேரம் தவறாமல், திருப்தி" என்று முடித்தேன்.

பிறகு என் பெருமைக்குரிய அட்டவணையை எடுத்தேன். நானே உட்கார்ந்து நிறம் நிறமாகப் படம் தேர்ந்தெடுத்து அச்சடித்தது. மாதுளை, கேரட், முருங்கைக்கீரை, நெல்லிக்காய், தக்காளி, பப்பாளி. உடம்பில் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் கிருமியைச் சுட்டுத்தான் கொல்கின்றன, சுடும்போது தெறிக்கிற பொறி நம் உடம்பின் மேலேயே விழும், வயதானால் அந்தப் பொறியை அணைக்கும் சக்தி குறையும், இந்தக் காய்கனிகளில் உள்ள சத்து அதை அணைக்கும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். படங்கள்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதெல்லாம் சாப்பிடுறீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"இதேதான் தாயி சாப்பிடுறேன். மகன் வாங்கி அனுப்புறான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இந்த மாதிரி எல்லா நோயாளியும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தார். அதே கேள்வி, அதே பதில். எடை முன்பிருந்த அதே எடை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. "காலைத் தொங்கப் போட்டு ரொம்ப நேரம் உக்காராதீங்கய்யா" என்று சொன்னேன். எடை குறையவில்லை என்பது எனக்குத் தைரியமாக இருந்தது. உங்களில் யாராவது இதைப் படித்ததும் புருவத்தை உயர்த்தியிருந்தால் நீங்கள் என்னைவிட நல்ல உணவியலாளர். சதை கரைய, அந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் தராசு முள் அசையவில்லை. உடம்பில் புரதம் வற்றினால் கால் வீங்கும் என்பதை நான் பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறேன். வளையல் போட்ட மாதிரி அவர் மணிக்கட்டில் கடிகாரம் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மணி என்ன என்று கவனித்தேன்.

அதற்கடுத்த மாதம் அவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். பக்கத்துத் தறிக்கூடத்து ஆட்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நிமோனியா. வார்டில் அனுமதித்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மகன் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வார்டைச் சுற்றிவரும்போது அவர் கட்டிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் நர்ஸ் நின்று, "பெரியவரே, சாப்டாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு தாயி" என்றார். அவள் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "என்னய்யா, நல்லாச் சாப்டீங்களா?" என்றேன். "ஆச்சு ஆச்சு" என்றார். ஸ்டூலில் மூடியிருந்த தட்டை நகர்த்த வேண்டியிருந்தது. எடுத்தபோது கனத்தது. மூடியைத் திறந்தேன். மூன்று இட்லி ஆறிக் கிடந்தன, சாம்பாரில் ஆடை படிந்திருந்தது.

"இட்லி அப்படியே இருக்கேய்யா?"

"அதச் சொல்றியா? நான் மாத்திரையக் கேக்குறன்னு நெனச்சேன்."

"மாத்திரையா?"

"ஆமா. காலையில ரெண்டு சாப்டாச்சு. மத்தியானம் ஒண்ணு பாக்கி."

நான் அந்தத் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். காலையில் ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரிக்கு ரெண்டு. அவர் ஒரு தடவைகூட இட்லி என்று சொல்லவில்லை. இட்லி நான் போட்டது.

நம் மொழியில் சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். இந்த ஊரில் பிறந்து, இதே மொழியில் ஐம்பது வருடத்துக்கு மேல் பேசியவளுக்கு அது தோன்றவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த துணிப்பையிலிருந்து அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். மகன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பியது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை. லேபிளில் மாதுளை, கேரட், கீரை, நெல்லிக்காய் எல்லாம் பளபளவென்று இருந்தன. கூடவே நாலாக மடித்த என் அட்டவணையும் வெளியே வந்தது.

"இதுலயும் மாதுளை, ஒன் தாள்லயும் மாதுளை. இதுலயும் கேரட்டு, அதுலயும் கேரட்டு. அம்புட்டும் ஒண்ணு போல இருந்துச்சு. சரி, டாக்டரம்மாவும் இதத்தான் சொல்லுதுன்னு மனசுக்குத் தெம்பா இருந்துச்சு தாயி."

"சோறு, ஐயா? சோறு எப்பச் சாப்டீங்க?"

அவருடைய வழக்கமான உரத்த குரல் இறங்கிவிட்டது. "அவ இருந்த வரைக்கும் கொழையப் பெசஞ்சு குடுப்பா. பல்செட்டு லூசாகிப் போச்சு. மெஸ்ஸுல நாலு பேருக்கு முன்னால உக்காந்து மெல்ல முடியல, வெளிய வந்து விழுந்துருது. டீயில பன்னு நனைச்சுத் திம்பேன். மொதல்ல பசிச்சுச்சு. பெறகு அதுவும் நின்னு போச்சு. அதான் எல்லாச் சத்தும் இதுல இருக்குன்னு மகன் சொன்னானே."

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலங்காநல்லூர்ப் பக்கம், நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள் நான். என் அம்மா அடுத்தவர் வயலில் களை எடுத்து எங்களைப் படிக்க வைத்தார். வரப்பில் நிற்கும் வயல்காரம்மா "சாப்டியாடி?" என்று கேட்டால், அம்மா "ஆச்சுங்க" என்பார். வயிற்றில் ஒன்றும் இருக்காது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்போது பக்கத்தில்தான் நிற்பேன். அந்த "ஆச்சு"வைக் கேட்டே வளர்ந்தவள், ஒரு கிழவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வேறு வார்த்தையில் அதையே சொன்னபோது "திருப்தி" என்று எழுதினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அன்று பதினொரு மணிக்கு மகன் வந்துவிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். வழியெல்லாம் காரை ஓட்டிக்கொண்டு வந்த களைப்பு, கண்கள் சிவந்திருந்தன. நேராக மருத்துவர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"சார், எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல. இருக்கிறதுலயே பெஸ்ட் மாத்திரைதான் வாங்கி அனுப்புறேன், அதையும் மீறி இப்படி ஆகுது. மாத்திரை உடம்புல ஒட்டலன்னா ஊசி வழியா ஏத்துங்க. வைட்டமின் ட்ரிப்னு பெங்களூர்ல எல்லாரும் போடுறாங்க" என்றார்.

மருத்துவர் யோசனையோடு என் பக்கம் திரும்பினார். அவர் கையில் என் குறிப்புகள் இருந்தன. "சாப்பாடு ஒழுங்காத்தான் போயிட்டிருக்கு, இல்லையா? ரெண்டு தடவையும் திருப்தின்னு எழுதியிருக்கீங்க. அப்போ சத்து உள்ள ஏறலையா, வேற ஏதாவது பெரிய நோய் ஒளிஞ்சிருக்கான்னு தேடணும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பாத்துடலாம்."

அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. "இப்போ கொஞ்ச நாளாத்தான் சாப்பாடு கொறஞ்சிருக்கு போல" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பழைய குறிப்பும் பிழைத்துக்கொள்ளும், என் முப்பது வருடப் பெயரும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கொஞ்ச நாள் என்று நினைத்து அவருக்கு வழக்கமான அளவில் சாப்பாடு கொடுக்கத் தொடங்குவார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் உப்புகள் சரிந்து இதயமே நின்றுபோகலாம். எத்தனை நாள் பட்டினி என்பதுதான் அங்கே அவர் உயிருக்கான கணக்கு.

"சார், நான் எழுதினது தப்பு" என்றேன். "அவர் மாத்திரையச் சொன்னார், நான் இட்லின்னு எழுதிட்டேன். அஞ்சாறு மாசமா அவர் சோறு சாப்பிடல. டீ, பன்னு, மாத்திரை, அவ்வளவுதான். இது பட்டினி."

மகன் எழுந்துவிட்டார்.

"பட்டினியா? எங்கப்பாவா? என்ன மேடம் பேசுறீங்க? மாசாமாசம் பணம் அனுப்புறேன், தெனமும் போன் பண்றேன். ஒவ்வொரு தடவையும் சாப்டியாப்பான்னு கேக்காம போன வச்சதில்ல!"

"நானும் கேட்டேன் சார். உங்ககிட்ட சொன்ன பதிலத்தான் என்கிட்டயும் சொன்னார்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்போ நானே அவரப் பட்டினி போட்டுட்டேனா?" என்று கேட்டார். அவர் என்னைக் கேட்கவில்லை என்பது தெரிந்தும் நான் பதில் சொன்னேன். "நாம ரெண்டு பேருந்தான்."

மருத்துவர் பேனாவை என்னிடம் நீட்டினார். பழைய குறிப்பைத் திருத்தி, அதன் கீழே "காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரிக்கு ரெண்டு" என்று ஐயா சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே பட்டினி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பல வருடம் கழித்து அந்தத் தலைமை மருத்துவர் அம்மாவின் பேச்சைக் கேட்டேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

மாத்திரையில் ஒன்றும் விஷம் இல்லை. அதில் எழுதியிருந்த சத்தெல்லாம் இருந்திருக்கும். ஆனால் கிருமியை எதிர்க்கும் அணுக்களை உண்டாக்க உடம்புக்குப் பருப்பும் முட்டையும் சோறும் எண்ணெயும் வேண்டும். பொறியை அணைக்கத் தண்ணீர் எடுத்து வைத்தோம், அடுப்பில் விறகு இருக்கிறதா என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றே மாத்திரை பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, பி1 வைட்டமின் ஊசியைப் போட்டுவிட்டு, அரை டம்ளர் கஞ்சியில் தொடங்கினோம். ரத்தத்தில் உப்புகளை ஒவ்வொரு வேளையும் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் நண்பகலில் மகன் இரண்டு கைகளிலும் டிபன் கேரியரோடு வார்டு வாசலுக்கு வந்தார். நெஞ்செலும்பு சூப், குழைய வடித்த சோறு, ஈரல் வறுவல், அவித்த முட்டை. அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் தெரிந்த வீட்டில் சொல்லிச் சமைத்து வாங்கி வந்திருந்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இப்போ வேண்டாம் தம்பி. இன்னைக்கு அவருக்கு முக்கால் டம்ளர் கஞ்சிதான்."

"வெளையாடுறீங்களா? நேத்து நீங்கதான் பட்டினின்னீங்க. பட்டினி கெடந்தவருக்குச் சோறு போடக் கூடாதுங்கிறீங்க. ஒரு தடவ தப்புப் பண்ணுனவங்கதான நீங்க? இப்ப மட்டும் உங்கள எப்படி நம்புறது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து பெருமாள் ஐயா சூப் வாசனை பிடித்துவிட்டுக் கழுத்தை நீட்டினார். மாதக்கணக்கில் வராத பசி அவர் கண்ணில் வந்திருந்தது. அந்த முகத்துக்கு நேராகச் சோற்றைத் தடுத்து நிற்பது எப்படியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் என்னைப் போன்ற வீட்டில் பிறந்தவளுக்கு. நம்புங்கள் என்று கேட்கும் தகுதியை நான்தான் தொலைத்திருந்தேன்.

"என்னை நம்ப வேண்டாம். அரை டம்ளருக்கு அவர் ரத்தம் என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க" என்று காலையில் வந்த முடிவைக் காட்டினேன். உப்புகள் இறங்கியிருந்தன. டாக்டர் அதை ஈடுகட்ட ட்ரிப்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். "வெறும் அரை டம்ளர் கஞ்சிக்கு இம்புட்டு. இந்தக் கேரியர் உள்ள போனா, நாளைக்கு நீங்க எதக் கொண்டாந்தாலும் சாப்பிட அவர் இருக்க மாட்டார்."

அவர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கேரியரைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் கடந்துபோய்க் கஞ்சி டம்ளரை எடுத்து ஐயாவுக்குக் கொடுத்தாள். வேலை நடக்க வேண்டும் அல்லவா?

அடுத்த பத்து நாள் கஞ்சி, பருப்புத் தண்ணீர், குழைந்த சோறு, மசித்த பூசணி, அரை முட்டை, ஒரு முட்டை என்று ஏறினோம். இரண்டு தடவை பயந்தோம். மூன்றாவது வாரம் கால் வீக்கம் வடிந்தது. வடிந்ததும் எடை சரசரவென்று இறங்கியது. உண்மையான எடை அப்போதுதான் தெரிந்தது, எலும்பின் எடை. பல் மருத்துவர் புதுப் பல்செட்டுக்கு அளவெடுத்தார். மகன் ஒரு மாத விடுப்புப் போட்டுச் செல்லூரிலேயே தங்கினார். தறிக்கூடத்து ஆட்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் அம்மா, ஐயாவுக்கும் மூன்று வேளை குழைவாகச் செய்து வீட்டுக்கே அனுப்ப ஒப்புக்கொண்டார். நாலு பேருக்கு முன்னால் அவர் மெல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் போன் செய்வேன். சாப்டீங்களா என்ற கேள்வியை அதன்பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. கடைசியாக என்ன சாப்டீங்க, கூட என்ன இருந்துச்சு, எம்புட்டு மிச்சம் வச்சீங்க என்றுதான் கேட்பேன். "மிச்சம்" என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் பொய் வராது, செய்து பாருங்கள். அவரும் கறாராகச் சொல்வார். "முருங்கக்கீரைப் பொரியல் ஒரு கரண்டி. பப்பாளி நாலு துண்டு. அந்தம்மா கேரட்ட இன்னும் நல்லா வேக வைக்கணும், நீ சொல்லு." ஒருநாள் திருப்பிக் கேட்டார், "நீ என்ன தாயி சாப்ட?" என்று. மணி மூன்று. நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "ஆச்சுய்யா" என்று வாய் தானாகச் சொல்லியது. "என்னன்னு கேட்டேன்" என்றார், தறிச் சத்தத்தை மீறுகிற அந்தக் குரலில்.

அதன்பின் ஒரு வருடத்தில் அவருக்கு ஒரே தடவைதான் சளி பிடித்தது. பிடித்த சளி நாலு நாளில் போய்விட்டது. அதைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம், என் பிரிவு உபசார விழாவில் கொடுத்த கேடயத்தில் கிடைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பின்பும் சனிக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மகனிடமிருந்து போன் வந்தது. அப்போது அவர் மாதத்தில் பாதி நாள் செல்லூரில் இருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டு வெகுநாளாகியிருந்தது.

"அக்கா, அப்பா தவறிட்டார்" என்றார். "காய்ச்சல், சளி ஒண்ணும் இல்லக்கா. ஹார்ட்டுன்னு சொல்றாங்க. காலையில ரெண்டு இட்லி சாப்டார். தக்காளிச் சட்னி. பப்பாளிய அவரே நறுக்குனார், எனக்கும் ரெண்டு துண்டு வச்சார். மிச்சம் ஒண்ணுமில்ல. தட்டக் கழுவி வச்சிட்டு வந்து நாற்காலில உக்காந்தார், அம்புட்டுத்தான்."

நான் கேட்காமலே அவர் எல்லாவற்றையும் சொன்னார். பழைய வாய்ப் பழக்கத்தில், இத்தனை நாளாகக் கேட்காமல் இருந்த அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"நீங்க சாப்டீங்களா தம்பி?"

"இல்லக்கா" என்றார். "நான் இன்னும் சாப்பிடல."

அடுப்பில் இருந்த கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு செல்லூருக்குக் கிளம்பினேன்.